அரைத் தீப்பெட்டிக் கணக்கு

2024 ஜூலையில் கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டாரம் மூன்று முறை தலைப்புச் செய்தி ஆனது. மூன்றும் தண்ணீரை ஒட்டிய செய்திகள். மாதத் தொடக்கத்தில் மாற்றுத்திறனாளிகள் தங்கியிருந்த ஒரு விடுதியில் வயிற்றுப்போக்கு பரவி இளைஞர் ஒருவர் இறந்தார். உடனிருந்தவர்களுக்குக் காலரா என்று உறுதியானது. 13ஆம் தேதி, திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்தை ஒட்டி ஓடும் ஆமயிழஞ்சான் தோடு என்ற கால்வாயில் குப்பை அள்ள இறங்கிய மாராயமுட்டத்துத் தொழிலாளி ஒருவர் பிளாஸ்டிக் குவியலுக்கு அடியில் மறைந்துபோனார். மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. 23ஆம் தேதி அதியன்னூரைச் சேர்ந்த 27 வயது இளைஞர் அமீபா மூளைக்காய்ச்சலில் இறந்தார். ஊர்க்குளத்தில் நண்பர்களோடு குளித்தவர் அவர்.

மூன்றுக்கும் பிறகு அரசுத் துறைகள் செய்தது ஒன்றுதான்: மக்களுக்குத் தகவல் சொல்வது. காய்ச்சிய தண்ணீரைக் குடியுங்கள், தோட்டில் குப்பை போடாதீர்கள், தேங்கிய நீரில் குளிக்காதீர்கள். இவை எல்லாம் தலைநகரில் எழுதப்பட்டு, மாவட்டம், வட்டாரம், பஞ்சாயத்து என்று இறங்கி, கடைசியில் பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர், அதியன்னூர் கிராமங்களின் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவற்றைச் சுமந்து வந்தவர்கள் ஆஷா எனப்படும் சுகாதாரப் பணியாளர்கள், அங்கன்வாடி ஆசிரியைகள், குடும்பஸ்ரீ மகளிர் குழு உறுப்பினர்கள், வீட்டுக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டவர்களும் பெரும்பாலும் பெண்கள்தான். தகவலை எழுதிய இடத்திலும், எதை எழுதுவது என்று தீர்மானித்த இடத்திலும் இந்த இரு தரப்புக்கும் எவ்வளவு பங்கு இருந்தது என்று கேட்பதுதான் பெண்ணியத் தகவல் தொடர்பு என்று சொல்லப்படும் துறையின் முதல் கேள்வி.

பெயர் பல்கலைக்கழக வாடை அடிக்கிறது. விஷயம் கிணற்றடியில்தான் இருக்கிறது.

அமீபா விவகாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். நெக்லீரியா ஃபௌலரி என்ற அந்த ஒற்றைச் செல் உயிரி வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. அது கலந்த தண்ணீரைக் குடித்தால் நோய் வராது. மூக்கு வழியாகத் தண்ணீர் மேலேறும்போதுதான் வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்குப் போகிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. உலக அளவில் இந்த நோய் வந்தவர்களில் நூற்றுக்கு 97 பேர் இறந்திருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குத் தெரிய வேண்டியது மூன்று சேதி: மூக்கு, குளம், தலைவலியும் காய்ச்சலும் வந்தால் குளத்தில் குளித்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்வது. ஊருக்குள் முதலில் ஓடியதோ "மூளை தின்னும் அமீபா" என்ற பெயர். அந்தப் பெயர் பயமுறுத்தும். எந்த வழியாக உள்ளே வரும் என்பதைச் சொல்லாது. பயந்தவர்கள் குடிதண்ணீரைச் சந்தேகப்பட்டார்கள், நோயாளியின் வீட்டைச் சந்தேகப்பட்டார்கள்.

அதியன்னூரில் இறந்தவரோடு அதே குளத்துத் தண்ணீரில் புழங்கிய இளைஞர்கள் சிலருக்கும் நோய் கண்டது. ஆனால் அவர்கள் பிழைத்தார்கள். முதல் சாவுக்குப் பிறகு சுகாதாரத் துறை குளத்தில் இறங்கியவர்களைத் தேடிப் பிடித்து, அறிகுறி தெரிந்த உடனே திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் சேர்த்துச் சிகிச்சை தொடங்கியதுதான் காரணம். கேரள அரசு இந்த நோய்க்கெனத் தனி வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டதும் அந்த ஜூலையில்தான். அதே மாதம் கோழிக்கோடு மாவட்டத்தில் 14 வயதுப் பையன் ஒருவன் இந்த நோயிலிருந்து மீண்டான். பால் வியாபாரம் செய்யும் அவன் தந்தை சமூக ஊடகத்தில் இந்த நோயைப் பற்றிப் படித்திருந்தார். பையன் குளத்தில் நீந்தியதை நினைவில் வைத்து மருத்துவர்களிடம் எடுத்துச் சொன்னார். மருத்துவம் படிக்காத ஒருவரின் கவனிப்பு நோயறிதலின் ஒரு பகுதியாக மாறிய நிகழ்ச்சி அது.

இங்கே யாரும் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது. அதியன்னூரில் நோய்வாய்ப்பட்டவர்கள் வாலிபர்கள். ஆஷா பணியாளர் பகலில் வீடு வீடாகப் போகும்போது அவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், அல்லது குளக்கரையில் இருப்பார்கள். சேதியைக் கேட்டுக்கொள்வது அம்மா. மகன் குளத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்வது அம்மாவின் பொறுப்பு என்று ஆகிவிடுகிறது. புகையிலைப் பொடியைத் தண்ணீரில் கலந்து மூக்கால் இழுக்கும் பழக்கம் காரணமாக இருக்குமோ என்ற கோணத்திலும் அப்போது விசாரணை நடந்தது. அந்தச் சந்தேகம் செய்தியானதும் எந்த அம்மா தன் மகன் அந்தக் கூட்டத்தில் இருந்தான் என்று வாய் திறந்து சொல்வாள்? நோயைவிட வெட்கம் பெரிதாக இருக்கும் இடத்தில் தகவல் மேலே போகாது. 'பெண்களுக்குச் சொல்லிவிட்டோம்' என்பது பெண்ணிய அணுகுமுறை ஆகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம். குளக்கரைக்குச் சாயங்காலம் போய், இளைஞர்களிடம், குற்றம் சாட்டாத மொழியில் சொல்லியிருக்க வேண்டிய சேதி அது.

அடுத்தது கிணறு. தென்கேரளத்தில் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. அதைச் சுத்தம் செய்யச் சொல்லும் அரசுக் குறிப்பு, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்று கூறும். சரியான கணக்குதான். ஆனால் கிணற்றில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று தெரிய வேண்டுமே! வட்டத்தின் விட்டத்தை அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, நான்கால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்க வேண்டும். பிறகு கிராம் கணக்கில் நிறுக்கத் தராசு வேண்டும். வீட்டுச் சமையலறையில் கிராம் தராசு எங்கே இருக்கிறது? எனவே கேரளத்தில் புழக்கத்துக்கு வந்த அளவு தீப்பெட்டிக் கூடு. ஒரு கூட்டில் ஏறத்தாழ 20 கிராம் பவுடர் கொள்ளும். இரண்டு மீட்டர் அகலக் கிணற்றில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் என்றால் சுமார் 3,140 லிட்டர். அதற்குத் தேவை 8 கிராம் அளவு. அரைக் கூட்டுக்குச் சற்றுக் குறைவு. கிணற்று உறைகளின் எண்ணிக்கையைப் பார்த்தே கணக்குப் போட்டுவிடலாம்.

இதோடு முடிவதில்லை. பவுடரை அப்படியே கிணற்றில் கொட்டக் கூடாது. வாளியில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழம்பாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கிப் பத்து நிமிடம் விட வேண்டும். சுண்ணாம்பு அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளியில் எடுத்து, கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் ஆட்டிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தே புழங்க வேண்டும். திறந்து நாளான பொட்டலத்தில் வீரியம் போயிருக்கும். அப்போது எத்தனை கூடு போட்டாலும் பலன் இல்லை. சோற்றில் வாடை வரும், தேநீர் கெடும், குழந்தை குடிக்காது என்று வீட்டுக்காரி தயங்கும்போது, இரவு படுக்கப் போகும்முன் போட்டுவிட்டால் காலையில் வாடை குறைந்திருக்கும் என்று சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். அரசுக் குறிப்பில் இந்தக் கடைசி வாக்கியம் இருக்காது. ஆனால் அது இல்லாவிட்டால் முந்தைய வாக்கியங்கள் எல்லாம் வீண்.

அமெரிக்க ஆய்வாளர் கேத்தரின் துராக் 1997இல் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் பேசியது. தொழில்நுட்ப எழுத்தின் வரலாற்றில் பெண்களே இல்லாததுபோல் தோன்றுவது ஏன் என்று அவர் கேட்டார். எதைத் தொழில்நுட்பம் என்கிறோம், எதை வேலை என்கிறோம், எதை வேலையிடம் என்கிறோம் என்பதில்தான் விடை இருக்கிறது என்றார். எந்திரத்தை ஓட்டும் கையேடு தொழில்நுட்பம்; தையல், சமையல் குறிப்பு வீட்டு விஷயம். இந்தப் பாகுபாட்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒரு மீட்டர் தண்ணீருக்கு அரைக் கூடு என்று கணக்கைச் சுருக்கித் தந்தவர் யாரோ, அவர் தேர்ந்த தொழில்நுட்ப எழுத்தாளர். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்து 1980களில் புகையில்லா அடுப்பைப் பரப்பியபோது நடந்ததும் இதே வகைதான்: ஊதியும் இருமியும் சமைத்தவர்களின் அடுப்படியை அறிவியல் பேச்சுக்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் தீப்பெட்டிக் கணக்கை ஒரேயடியாகக் கொண்டாடவும் வேண்டாம். தீப்பெட்டிகள் எல்லாம் ஒரே அளவு இல்லை. வாய்வழிக் கணக்கு வாய்வழியிலேயே தேயும். அதை எழுதி, சரிபார்த்து, மறுபடி தருவது சுகாதாரத் துறையின் வேலை.

பெண்ணிய அணுகுமுறை என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு பாஸ்டன் நகரத்துக் கதை ஒன்றைச் சொல்வார்கள். 1969இல் அங்கே ஒரு மாநாட்டில் சந்தித்த பெண்கள், தங்கள் உடலைப் பற்றி மருத்துவர்கள் தங்களுக்கு ஒன்றும் சொல்வதில்லை என்ற எரிச்சலில் தாங்களே படித்து, தங்கள் அனுபவத்தையும் சேர்த்து, 1970இல் ஒரு சிறு வெளியீடு கொண்டுவந்தார்கள். பிறகு அது 'அவர் பாடீஸ், அவர்செல்வ்ஸ்' என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது. மருத்துவர் சொல்வதும் நோயாளி உணர்வதும் ஒரே பக்கத்தில் அச்சானது அதன் புதுமை.

நமக்கு பாஸ்டன் வரை போக வேண்டியதில்லை. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழும் மலையாளமும் கலந்து பேசும் எல்லை ஊரான பிளாச்சிமடையில் 2000இல் கோக்க கோலா ஆலை வந்தது. கொஞ்ச காலத்தில் சுற்றியிருந்த கிணறுகளின் தண்ணீர் மாறியது. சோப்பு நுரைக்கவில்லை. பருப்பு வேகவில்லை. சோறு சீக்கிரம் கெட்டது. குளித்தால் உடம்பு அரித்தது. இவற்றை முதலில் கண்டவர்கள் சோறு வடிப்பவர்களும் துணி துவைப்பவர்களும்தான். நீரில் கால்சியமும் மக்னீசியமும் ஏறினால் கடினத்தன்மை கூடும், சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது என்பது பள்ளிப் பாடம். ஆய்வகம் சொல்வதற்கு முன் அடுப்படி சொல்லியிருந்தது. இரவாளர் பழங்குடிப் பெண்ணான மயிலம்மா அதை ஊர்ப் பேச்சாக விட்டுவிடாமல் போராட்டமாக மாற்றினார். 2002 ஏப்ரல் 22இல் ஆலை வாசலில் தொடங்கிய அந்தப் போராட்டத்துக்குப் பின்னால்தான் நீர் ஆய்வுகள் நடந்தன. 2003இல் அரசு மருத்துவ அலுவலரும் அந்தத் தண்ணீர் குடிக்க உதவாது என்றார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மயிலம்மா 2007 ஜனவரியில் காலமானார். 2010இல் அரசின் உயர்நிலைக் குழு ஏற்பட்ட இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. பருப்பு வேகவில்லை என்ற முறையீட்டுக்கும் அந்தக் கோடிக் கணக்குக்கும் நடுவில் எட்டு ஆண்டுகள்.

நெய்யாற்றின்கரைக்கு இந்த விஷயத்தில் பழைய சரித்திரம் ஒன்று உண்டு. 1930களின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் அரசு ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு கிராமச் சுகாதாரத்துக்கென முன்மாதிரி அலகு ஒன்றைத் தொடங்கியது. அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் நெய்யாற்றின்கரை. இந்தியாவில் இந்த வகையில் மிக முந்தைய முயற்சிகளில் அது ஒன்று. கொக்கிப்புழு அப்போது ஊரையே பிடித்திருந்தது. கழிப்பறை கட்டச் சொல்வது, தாய்சேய் நலம் பேசுவது எல்லாம் வீடு தேடிப் போய்ச் செய்ய வேண்டிய வேலைகள்.

அந்தக் காலத் திருவிதாங்கூர் மருத்துவத் துறையின் நடுவில் இருந்தவர் மேரி புன்னன் லூக்கோஸ். பெண் என்பதால் திருவனந்தபுரம் கல்லூரியில் அறிவியல் வகுப்பில் இடம் மறுக்கப்பட்டு, வரலாறு படித்துப் பட்டம் பெற்றவர். பிறகு லண்டனில் மருத்துவம் படித்து 1916இல் திரும்பி, தைக்காடு பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் பிரசவம் என்றாலே மக்கள் முகம் சுளித்த காலம். ஊர் மருத்துவச்சிகளைத் திட்டித் துண்டறிக்கை போட்டிருக்கலாம். வேறு இடங்களில் அப்படித்தான் செய்தார்கள். இவர் அந்த மருத்துவச்சிகளின் பிள்ளைகளுக்கே பேறுகாலப் பயிற்சி தொடங்கினார். மக்களுக்கு நம்பிக்கை வர, தன் தலைப்பிரசவத்தையே அந்த ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். 1922இல் திருவிதாங்கூர் சட்டசபைக்கு நியமிக்கப்பட்ட முதல் பெண். 1938இல் சர்ஜன் ஜெனரல். ஏற்கெனவே நம்பிக்கை இருக்கும் கைகளின் வழியாகப் புது அறிவைச் செலுத்துவது என்ற அவர் முறையை இன்றைய பாடநூல்கள் புதுக் கண்டுபிடிப்புபோல் எழுதுகின்றன.

குப்பைக்கு வருவோம். பழைய நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருந்த விளப்பில்சாலையில் 2000இல் திருவனந்தபுரம் மாநகரத்தின் குப்பை ஆலை வந்தது. நகரம் முழுக்க விளம்பரப்படுத்தப்பட்டது ஆலையின் தொழில்நுட்பம். ஊருக்குக் கிடைத்தது நாற்றமும் கழிவுநீரும். ஊர்ப் பெண்கள் சொன்னது பல ஆண்டுகள் எந்த அறிக்கையிலும் ஏறவில்லை. கடைசியில் 2011 டிசம்பரில் பஞ்சாயத்து ஆலையைப் பூட்டியது. பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர் சோபனாகுமாரி. 2012இல் போலீஸ் காவலோடு லாரிகள் வந்தபோது பெண்கள் நடுச்சாலையில் அடுப்பு மூட்டிப் பொங்கலிட்டு வழி மறித்தார்கள். ஆற்றுக்கால் கோயில் பொங்கல் தெரிந்த எந்த மலையாளிக்கும், தமிழருக்கும் அந்த அடுப்பு வரிசை விளக்கம் இல்லாமல் புரியும்: இது எங்கள் இடம், இதைத் தாண்டிப் போக முடியாது. சோபனாகுமாரி அந்த அக்டோபரில் உண்ணாவிரதமும் இருந்தார்.

விளப்பில்சாலை மூடியதும் கேரளம் குப்பையை வீட்டிலேயே பிரிக்கும் வழிக்குத் திரும்பியது. அதிலிருந்து பிறந்ததுதான் ஹரித கர்ம சேனை. மாதம் ஒரு முறை வீட்டுக்கு வந்து, கழுவிக் காய வைத்த பிளாஸ்டிக்கை வாங்கிக்கொண்டு, கிராமங்களில் 50 ரூபாய் கட்டணம் வாங்குகிற பெண்கள். சுவரில் ஒட்டிய க்யூஆர் குறியைக் கைப்பேசியில் பதிவு செய்கிறார்கள். எந்த மாதம் செருப்பு, எந்த மாதம் கண்ணாடி, எந்த மாதம் பழைய துணி என்று நாட்காட்டி வைத்திருக்கிறார்கள். பால் கவரைக் கழுவ வேண்டுமா, எண்ணெய் கவரை எதால் கழுவுவது, எரித்தால் என்ன கெடும் என்ற கேள்விகளுக்கு வாசலில் நின்றபடி பதில் சொல்கிறார்கள். எங்கள் குப்பையை எடுக்க நாங்கள் ஏன் காசு தர வேண்டும் என்ற வசவையும் கேட்கிறார்கள். மாநிலத்தின் சுற்றுச்சூழல் கல்வியில் பெரும்பங்கு இந்த வாசல் பேச்சில்தான் நடக்கிறது. எந்தப் பள்ளிக்கூடமும் இதற்குச் சம்பளம் தருவதில்லை. ஆமயிழஞ்சான் தோட்டில் மாராயமுட்டத்துக்காரர் இறந்தபோது கேரளம் முழுவதும் பேசியது நகரத்தின் அலட்சியத்தைப் பற்றி. அதே பிளாஸ்டிக்கைத் தோட்டுக்குப் போகாமல் வாசலிலேயே வாங்கிக்கொள்கிறவர்களைப் பற்றிய பேச்சு குறைவாகத்தான் இருந்தது.

சேனையின் பையில் இடமில்லாத பொருள் ஒன்று நீண்ட காலமாக இருந்தது: சானிட்டரி நாப்கின். காகிதத்தில் சுற்றிக் கொல்லையில் எரிப்பார்கள், அல்லது இருட்டில் தோட்டில் எறிவார்கள். வெளியே பேச முடியாத பொருளுக்கு வெளியே போகும் வழியும் இருக்காது. ஆலப்புழை நகராட்சி 2019இல் திருவனந்தபுரத்து அரசு நிறுவனமான ஹெச்எல்எல்லுடன் சேர்ந்து 'திங்கள்' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான மாதவிடாய்க் கோப்பைகளை வழங்கியது. 2022 ஜனவரியில் எர்ணாகுளம் மாவட்டக் கும்பளங்கி நாப்கின் இல்லாத முதல் பஞ்சாயத்தாக அறிவிக்கப்பட்டது. கோப்பையைக் கொடுத்தது அல்ல இங்கே வேலை. உள்ளே போய்விடுமா, கல்யாணம் ஆகாதவள் போடலாமா, எப்படி மடிக்க வேண்டும், எப்போது கொதிக்க வைக்க வேண்டும் என்ற கேள்விகளை வாய்விட்டுக் கேட்கிற அறை ஒன்று வேண்டியிருந்தது. உடல்நலம், சுற்றுச்சூழல், ஒரு கருவியைக் கையாளும் முறை மூன்றும் அந்த அறையில் ஒரே பேச்சுதான்.

கட்டளை எப்படித் தோற்கும் என்பதற்குக் கடற்கரை சாட்சி. 2020 ஜூலையில் கொரோனா, திருவனந்தபுரத்தின் பூந்துறையிலும் நெய்யாற்றின்கரை தாலுகாவின் புல்லுவிளையிலும் பரவியது. 17ஆம் தேதி முதல்வர் பினராயி விஜயன் இந்த இரண்டு ஊர்களிலும் சமூகப் பரவல் என்று அறிவித்தார். அதற்கு முன்பே பூந்துறையில் கமாண்டோக்கள் நிறுத்தப்பட்டிருந்தார்கள். மீன் கூடையைத் தலையில் வைத்து ஊர் ஊராகப் போகும் பெண்களுக்குத் தெருவில் துப்பாக்கியோடு ஆள் நின்றால் என்ன சேதி போய்ச் சேரும்? ஜனங்கள் சாலையில் இறங்கினார்கள். சுகாதாரப் பணியாளர்கள் முற்றுகைக்கு ஆளானார்கள். இரண்டே நாளில், ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசிய பிறகு, அதே தெருவில் சுகாதாரக் குழுவுக்குப் பூத்தூவி வரவேற்பு. வைரஸ் அந்த இரண்டு நாளில் மாறவில்லை.

தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் பாறசாலைக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் இருந்தும் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கோடு போட்டார்கள், கல்யாணங்கள் கோட்டைக் கவனிக்கவில்லை. களியக்காவிளையில் பிறந்தவள் இஞ்சிவிளையைத் தாண்டிப் பாறசாலையில் வாழ்க்கைப்படுவதும், வெள்ளறடைப் பெண் பனச்சமூட்டைக் கடந்து விளவங்கோட்டுக்குப் போவதும் இன்றும் சாதாரணம். தமிழில் பள்ளி படித்துவிட்டு வந்தவள் சில மாதத்தில் மலையாளம் சரளமாகப் பேசிவிடுவாள். படிக்க வராது. அவள் வீட்டுச் சுவரில் ஒட்டும் சுகாதார நோட்டீஸ் மலையாளத்தில் இருக்கும். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் கடிதத் தொடர்பு கொள்ள வழி செய்தது. ஆனால் காய்ச்சலோடு இருக்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு யாரும் தலைமைச் செயலகத்துக்குக் கடிதம் எழுதுவதில்லை.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும்போது சிக்கல் இரட்டிப்பாகும். கணவன் வீட்டில் ஆஷா பணியாளரும் கேரளத்துத் தாய்சேய் அட்டையும். எல்லைக்கு அப்பால் கிராம சுகாதார செவிலியரும் பிக்மி என்ற கர்ப்பப் பதிவெண்ணும். அந்தப் பதிவெண் இல்லாமல் தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது கஷ்டம், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகையும் அதைத் தொட்டே வருகிறது. எந்த மாதத்தில் எங்கே பதிய வேண்டும், எந்த ஊசி எங்கே போட்டது என்று இரண்டு பக்கத்துக்கும் எடுத்துச் சொல்வது யார்? நிறைமாதக்காரி, அல்லது அவள் அம்மா. இரு மாநில அரசுகளின் கணினிகளுக்கு நடுவில் தகவலைச் சுமக்கும் கம்பி அந்தப் பெண்ணின் ஞாபகசக்திதான். இதற்கு மாபெரும் திட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. மார்த்தாண்டம், குழித்துறை, பாறசாலை மருத்துவமனைகளின் சுவரில் இரு மொழியிலும் ஒரே பக்கத்தில், இரு மாநில விதிகளையும் சேர்த்து எழுதிய தாள் ஒன்று போதும். அதை எழுதும் அறையில் எல்லை தாண்டிப் பிரசவம் பார்த்த நாலு அம்மாக்கள் இருந்தால் தாள் பிழையில்லாமல் வரும்.

தகவல் கீழிருந்து மேலே போகவே இல்லை என்று சொல்ல முடியாது. 2022இல் கேரளம் 'சைலி' என்ற செயலியை ஆஷா பணியாளர்களிடம் கொடுத்தது. அவர்கள் வீடு வீடாகப் போய் 30 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சர்க்கரை, இரத்த அழுத்தம், புற்றுநோய் அறிகுறிகள் பற்றிக் கேட்டு, முதல் கட்டத்திலேயே ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தைச் சேர்த்தார்கள். நாட்டில் வேறெங்கும் எளிதில் காண முடியாத வேலை. மேலே போனவை ஆம், இல்லை, எண். கேள்வியைத் தீர்மானித்தது தலைநகரம். வாழ்க்கைமுறை நோய்களுக்கான செயலி அது என்பதால் கிணற்று நீரின் சுவை மாறியதையோ, குளத்தில் நுரை கட்டியதையோ எழுத அதில் கட்டம் இருக்க நியாயமில்லை. ஆனால் வேறு எதிலும் அந்தக் கட்டம் இல்லை. இன்னொரு பிளாச்சிமடை எங்காவது தொடங்கினால், அதை முதலில் கேள்விப்படப்போகிறவர் அந்த வார்டின் ஆஷாதான். கேள்விப்பட்டதை எங்கே எழுதுவது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

2025 பிப்ரவரி 10இல் அந்த ஆஷா பணியாளர்கள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். பாறசாலையிலிருந்து ரயில் ஏறினால் தலைநகரம் ஒரு மணி நேர தூரம். மாநிலத்தில் சுமார் 26,000 ஆஷாக்கள். அரசின் கணக்கில் அவர்கள் ஊழியர்கள் அல்ல, தன்னார்வலர்கள்; எனவே வாங்குவது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். 7,000 ரூபாயை 21,000 ஆக்குங்கள், ஓய்வு பெறும்போது 5 லட்சம் தாருங்கள் என்றார்கள். மார்ச் 20இல் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். மார்ச் 31, போராட்டத்தின் 50ஆம் நாள், முடியை வெட்டிக்கொண்டார்கள். சிலர் மொட்டையே அடித்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு அமீபா நோய் மாநிலத்தின் பல மாவட்டங்களில் தலைதூக்கியது. ஆகஸ்ட் கடைசி இரண்டு நாட்களில் 'ஜலமாணு ஜீவன்' என்ற பெயரில் கிணறுகளுக்கெல்லாம் குளோரின் போட அரசு அழைப்பு விடுத்தது. அந்த வேலைக்கு வார்டுகளில் இறங்கியவர்களிலும் ஆஷாக்கள் உண்டு. அப்போது போராட்டம் ஏழாவது மாதத்தில் இருந்தது.

அக்டோபர் 29இல் அரசு மதிப்பூதியத்தை 1,000 ரூபாய் கூட்டியது. நாளுக்கு 33 ரூபாய் என்று ஆஷாக்கள் வகுத்துக் காட்டினார்கள். கேரளம் பிறந்த நாளான நவம்பர் 1இல், 265ஆம் நாள், தலைமைச் செயலக வாசலில் இரவும் பகலும் இருந்த போராட்டத்தை முடித்துக்கொண்டார்கள். 21,000 என்ற கோரிக்கையை விட்டுவிடவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் பந்தலிலிருந்து எழுந்தார்கள்.